டிரில் பிட்டும் டேப் டை செட்டும்: கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

மளிகைக் கடையில் டிரில் பிட்டுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சிற்றூர்களில் உள்ள நம் வணிக அன்பர்கள் பலர் அரிசி, பருப்போடு ஆணி, கீல், தாழ்ப்பாள், பைப் சாமான்களும் வைத்து வியாபாரம் செய்கிறார்கள். டிரில்லிங் மிஷின் இன்று பட்டறையில் மட்டுமின்றி எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர் கையிலும் பல வீடுகளிலும் இருக்கிறது. பிட் கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது. ஆனால் மட்டச் சரக்கைக் கொடுத்து அனுப்புவது அதைவிட நஷ்டம். பிட் முறிந்தால் தொழிலாளியின் அரை நாள் கூலி போகிறது. துண்டு தெறித்தால் கண்ணுக்கே ஆபத்து. அவர் கம்பெனியைத் தேடிப் போகமாட்டார், நம் கடைக்குத்தான் வருவார். மனம் கசந்தால் மாதச் சாமான் வாங்குவதையும் நிறுத்திவிடுவார்.

முதலில் பார்க்க வேண்டியது எஃகின் தரம். கார்பன் ஸ்டீல் பிட் மரத்துக்குப் போதும். இரும்பில் ஓட்டினால் சூடேறி, 250 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே கூர் மழுங்கத் தொடங்கிவிடும். எச்.எஸ்.எஸ். எனப்படும் ஹைஸ்பீடு ஸ்டீல் ஏறக்குறைய 600 டிகிரி வரை கடினம் குறையாது. ஆனால் எச்.எஸ்.எஸ். என்ற எழுத்துக்குள்ளும் பல தரம் உண்டு. சுமார் 6 சதம் டங்ஸ்டன், 5 சதம் மாலிப்டினம் கலந்த எம்2 ரகம்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். எவர்சில்வர் துளைப்பவர்களுக்கு 5 சதம் கோபால்ட் கலந்த எம்35 ஏற்றது.

பொன்னிறத்தைக் கண்டு மயங்க வேண்டாம். டைட்டானியம் நைட்ரைடு பூச்சு உண்மையிலேயே ஆயுளைக் கூட்டும். ஆனால் அதே நிறத்தை மட்டும் ஏற்றிய மட்டச் சரக்கும் சந்தையில் உலவுகிறது. உண்மைப் பூச்சும்கூட, நுனியைச் சாணை பிடித்தால் அந்த இடத்தில் போய்விடும். கோபால்ட் எஃகு முழுவதும் கலந்திருப்பதால் சாணைக்குப் பின்னும் நிற்கும். பாக்கெட்டில் காணும் டி.ஐ.என். 338 என்பது நேர்த்தண்டு பிட்டின் அளவுகளுக்கான ஜெர்மன் தர எண். அதை எஃகின் உயர்வுக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

சரக்கு வந்ததும் பெட்டிக்கு இரண்டு பிட்டாவது எடுத்துச் சோதியுங்கள். தண்டில் அளவும் எஃகின் ரகமும் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். கண்ணாடி மேல் உருட்டினால் ஆடாமல் ஓட வேண்டும். நுனியின் இரு வெட்டு விளிம்பும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துளை பெரிதாகிவிடும். சந்தேகம் வந்தால் ஒரு பிட்டைச் சாணைக் கல்லில் வையுங்கள். கார்பன் ஸ்டீலில் வெளிச்சமான பொறிகள் பூப்போலச் சிதறும்; எச்.எஸ்.எஸ்.ஸில் மங்கிய சிவப்பில் குறைவாகவே வரும்.

அடுத்து அளவு. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை வந்தும், நம் ஊரில் "ரெண்டு நூல் பிட் கொடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். இரண்டு நூல் என்றால் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. அதற்கு 6 மி.மீ. பிட்டைக் கொடுத்தால் போல்ட் நுழையாது. சுவருக்கா, இரும்புக்கா என்றும் கேட்டுவிட வேண்டும். சுவருக்குக் கார்பைடு நுனி வைத்த மேசனரி பிட்தான் சரி.

டேப், டை விஷயத்தில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். முறிந்த பிட்டை எப்படியாவது எடுத்துவிடலாம். உள்ளே முறிந்த டேப்பை எடுப்பது பெரும்பாடு, பல சமயம் பொருளே வீணாகும். டேப் முறிவதற்கு முக்கியக் காரணம் துளை சிறியதாக இருப்பதே. எம்6க்கு 5 மி.மீ., எம்8க்கு 6.8, எம்10க்கு 8.5, எம்12க்கு 10.2 மி.மீ. துளை வேண்டும். இதை ஓர் அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு அருகில் மாட்டிவைத்தால், டேப் வாங்குபவருக்கு ஏற்ற பிட்டும் சேர்ந்து விற்கும்.

மரையின் ரகத்தையும் கேளுங்கள். மெட்ரிக் மரையின் கோணம் 60 டிகிரி, விட்வொர்த் மரைக்கு 55 டிகிரி, ஒன்றோடொன்று சேராது. அரை அங்குல போல்ட் டை வேறு, அரை அங்குல பைப் டை வேறு. பைப்பின் அளவு உள்வழியை ஒட்டிச் சொல்லப்படுவது. அதன் மரையின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மி.மீ. வரும்.

நாற்பது உருப்படி அடங்கிய பளபளப்பான பெட்டி பார்வைக்கு நன்றாக இருக்கும். எப்போதாவது பழைய மரையைச் சரிசெய்யும் வீட்டுக்காரருக்கு அது போதும். பட்டறைக்காரருக்கு அப்படியல்ல. எம்6, எம்8, எம்10, எம்12 அளவுகளில் மூன்று டேப் கொண்ட எச்.எஸ்.எஸ். செட்டுகளை மட்டும் வைத்தாலே பெரும்பாலான தேவை தீரும், முதலும் முடங்காது.

கணக்குக்காகச் சொல்கிறோம்: 20 ரூபாய் பிட் ஐந்து துளையில் ஓய்ந்தால் துளைக்கு 4 ரூபாய். 60 ரூபாய் பிட் அறுபது துளை போட்டால் துளைக்கு 1 ரூபாய். இந்தக் கணக்கை வாடிக்கையாளரிடம் பொறுமையாகச் சொன்னால் அவரே நல்லதைக் கேட்டு வாங்குவார்.

பில் இல்லாத சரக்கை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஏற்காதீர்கள். பெயர் பெற்ற கம்பெனிகளின் பெட்டியைப் போலவே அச்சடித்து வரும் போலிகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் நுழைகின்றன. பில் இருந்தால்தான் குறையுள்ள சரக்கைத் திருப்பிக் கொடுக்க வாய் இருக்கும். எடையில் நாணயம் காத்து வரும் நாம், எஃகிலும் அதே நாணயத்தைக் காப்போம்.