கைபேசியில் வெளி மைக் இணைத்தல்: ஒலி பதிவாகாமைக்குக் காரணங்களும் பரிகாரங்களும்

காதால் கேட்ட சொல் வயலில் விளையும் என்பதற்குத் தஞ்சை ஜில்லாவே அத்தாட்சி. 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல், திருச்சி வானொலியின் விவசாயப் பேச்சுகள் வாயிலாகப் பரவியமையால், குடியானவர்களிடையே ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் பெற்றது. அந்நாளில் பேச்சைப் பதிவு செய்யும் சாதனம் வானொலி நிலையத்தார் போன்ற சிலரிடமே இருந்தது. இந்நாளிலோ அநேகமாய் ஒவ்வொரு விவசாயியின் சட்டைப் பையிலும் அச்சாதனம் இருக்கின்றது. ஆயினும் சாதனம் கையிலிருப்பது வேறு, அதனைச் சரிவரக் கையாளுவது வேறு.

காவிரிப் பாசனக் கிராமம் ஒன்றில் நடந்த சம்பவம் இதனை நன்கு விளக்கும். அவ்வூரில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர், நீண்டகாலச் சம்பா நெல் ஒன்றைப் பல வருஷங்களாகக் கலப்பின்றிக் காத்து வருகின்றார். பயிர் பூக்கும் தருணத்தில் கலவன்களை எவ்வாறு இனங்கண்டு பிடுங்க வேண்டும் என்பதை, வரப்பில் நின்று ஒவ்வொரு செடியாய்த் தொட்டுக்காட்டி, ஏறக்குறைய நாற்பது நிமிஷம் விளக்கினார். அவருடைய பேரன் முறையுள்ள வாலிபர் ஒருவர், புதிதாய் வாங்கிய சிறு மைக்கைப் பெரியவரின் துண்டில் மாட்டி, கைபேசியில் அதனைப் பதிவு செய்தார். மாலையில் போட்டுக் கேட்டபோது, பக்கத்துக் கொல்லையின் எஞ்சின் சப்தமே நிறைந்திருந்தது. “நான் பேசியது எங்கே, தம்பி? எஞ்சின் பேசியதைத்தான் பிடித்திருக்கிறாய்” என்றார் பெரியவர். மைக் பழுதன்று, கைபேசியும் பழுதன்று. இரண்டிற்கும் இணைப்பு ஏற்படவேயில்லை. கைபேசி தன் சொந்த மைக்கினாலேயே முழுவதையும் பதிவு செய்திருந்தது.

இத்தகைய நஷ்டம் நேராதிருக்கக் கவனிக்க வேண்டிய விஷயங்கள் கீழே கூறப்படுகின்றன.

விரல் சோதனை

வெளி மைக்கை மாட்டியவுடன் ஒரு நிமிஷம் பதிவு செய்க. அதற்குள் முதலில் வெளி மைக்கின் பஞ்சு உறையை விரலால் மெதுவாகத் தடவுக. பிறகு கைபேசியின் அடி விளிம்பில் உள்ள சிறு துளையருகே அவ்வாறே தடவுக. பதிவைப் போட்டுக் கேட்கையில், முதல் உராய்வு உரத்துக் கேட்டால் வெளி மைக் வேலை செய்கின்றது. இரண்டாவது உரத்துக் கேட்டால் கைபேசியின் மைக்கே வேலை செய்கின்றது என்று அறியலாம். திரையில் ஒலியின் அளவுக்கோடு ஏறி இறங்குவதை மட்டும் நம்புதல் தகாது. எந்த மைக்கின் ஒலிக்கும் அக்கோடு அசையும்.

பின்னின் வளையங்கள்

பழுதுகளில் மிகுதியானது பின்னைப் பற்றியதே. 3.5 மில்லிமீட்டர் பின்னை உற்று நோக்கினால் அதன் உலோகத்தைப் பிரிக்கும் கறுப்பு வளையங்கள் தென்படும். இரண்டு வளையமுள்ள பின்னில் மூன்று உலோகப் பகுதிகளும், மூன்று வளையமுள்ளதில் நான்கு பகுதிகளும் உண்டு. கைபேசியின் துவாரம் நான்கு பகுதிகளுக்காக அமைந்தது. நுனி இடக் காதுக்கும், அடுத்தது வலக் காதுக்கும், மூன்றாவது பொதுக் கம்பிக்கும், அடிப்பகுதி மைக்குக்கும் உரியவை.

காமிராவுக்கென விற்கப்படும் மைக்கில் பெரும்பாலும் மூன்று பகுதிகளே உண்டு. அதன் அடிப்பகுதி முழுவதும் பொதுக் கம்பி. அதனைக் கைபேசியில் செருகினால், மைக்குக்கு உரிய தொடுமுனையும் பொதுக் கம்பியின் தொடுமுனையும் ஒரே உலோகத்தில் பட்டு ஒன்றாகிவிடும். கைபேசி அதனை மைக் இல்லாத வெறும் காதுக்கருவி என்று கொண்டு, தன் மைக்கையே தொடர்ந்து பயன்படுத்தும். எச்சரிக்கை யாதொன்றும் திரையில் தோன்றாது. மேற்கூறிய கிராமத்தில் நேர்ந்ததும் இதுவே.

இதற்குப் பரிகாரம், மூன்று பகுதிப் பின்னை ஏற்று நான்கு பகுதிப் பின்னாக முடியும் சிறு இணைப்பான். இதற்கு நேர் மாறானதும் கடைகளில் விற்கப்படுவதால், ‘காமிரா மைக்கைக் கைபேசியில் மாட்டுவதற்கு’ என்று தெளிவாய்ச் சொல்லி வாங்குதல் நன்று. முற்காலத்துக் கைபேசிகள் சிலவற்றில் மைக்கும் பொதுக் கம்பியும் இடம் மாறியிருக்கும். அவற்றிற்கு வேறு இணைப்பான் தேவை.

கூட்டங்களிலும் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கிக்கு வைக்கும் கைம்மைக்கைக் கைபேசியில் நேரே இணைக்க முயலுவோரும் உளர். ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான விதிமுறை, மைக்கின் மின்தடை 1,000 ஓம் அல்லது அதற்கு மேல் இருத்தல் வேண்டும் என்கின்றது. கைம்மைக்கின் தடை பொதுவாய் இதற்குக் குறைவாதலின், கைபேசி அதனை ஏற்பதில்லை. தகுந்த இடைக்கருவி இருந்தாலன்றி இம்முயற்சி பயன் தராது.

துவாரமில்லாக் கைபேசிகள்

புதிய கைபேசிகள் பலவற்றில் வட்டத் துவாரமே இல்லை. ஆப்பிள் கம்பெனியார் 2016இல் ஐபோன் 7 முதல் அதனை நீக்கினர்; 2023இல் ஐபோன் 15 முதல் லைட்னிங் துவாரத்தையும் மாற்றி யூ.எஸ்.பி. சி அமைத்தனர். ஆதலின் பழைய ஐபோனுக்கு வாங்கிய மைக் புதியதில் நேரே பொருந்தாது.

யூ.எஸ்.பி. சி இணைப்பான்கள் இரு வகைப்படும். ஒன்று வெறும் கம்பி இணைப்பு. மற்றொன்று ஒலியை மாற்றும் சில்லை உள்ளே கொண்டது. முதல் வகையைச் சில கைபேசிகள் மட்டுமே ஏற்கும். சில இணைப்பான்கள் கேட்பதற்கு மட்டும் உதவும், மைக்குக்கு உதவா. எனவே சில் உள்ளதாயும் மைக்குக்கு ஏற்றதாயும் உள்ளதைக் கேட்டு, தம் கைபேசியிலேயே மாட்டிப் பார்த்து வாங்குதல் சிலாக்கியம். சில கைபேசிகளில் ஓ.டி.ஜி. என்னும் அமைப்பை இயக்கினாலன்றி வெளிக்கருவி வேலை செய்யாது. சிறிது நேரம் சும்மாயிருப்பின் அது தானே அணைந்துவிடுவதும் உண்டு.

செயலியும் பிற தடைகளும்

இணைப்பு செவ்வையாயிருந்தும் ஒலி வராவிடில், பதிவுச் செயலிக்கு மைக்கைப் பயன்படுத்த அனுமதி அளிக்கப்பட்டுள்ளதா என்று கைபேசியின் அமைப்புகளில் பார்க்க. சில கைபேசிகளின் காமிராச் செயலி வெளி மைக்கை ஏற்பதில்லை. ஒலிப்பதிவுச் செயலியில் கேட்டு, காமிராவில் கேட்கவில்லையாயின் குற்றம் காமிராச் செயலியினுடையது. மைக்கைத் தேர்ந்தெடுக்க இடந்தரும் வேறு செயலியைக் கொள்க. ப்ளூடூத் காதுக்கருவி இணைந்திருப்பின் அதனை நீக்குக.

மைக்கையும் சோதித்தல் வேண்டும். சட்டையில் மாட்டும் மைக் சிலவற்றில் கைபேசி, காமிரா என இரு நிலையுள்ள விசை உண்டு. அது உரிய நிலையில் இருத்தல் அவசியம். பொத்தான் பேட்டரி உள்ளதாயின் அது தீர்ந்திருக்கலாம். கம்பியில்லா மைக்காயின் அனுப்பும் கருவி, வாங்கும் கருவி இரண்டிலும் மின்சக்தி இருக்கின்றதா, இரண்டும் ஒன்றையொன்று சேர்ந்துள்ளனவா என்று விளக்கைக் கொண்டு அறிக.

வயலில் புழங்கும் கைபேசியின் துவாரத்தில் பதரும் புழுதியும் அடைவது சகஜம். கைபேசியை அணைத்துவிட்டு, உலர்ந்த மரக்குச்சியால் மெல்ல அகற்றுக, ஊசியால் குத்தலாகாது. தடித்த உறை பின்னை முழுவதும் உட்செல்ல விடாமல் தடுப்பதும் உண்டு. உறையைக் கழற்றிப் பார்க்க. மின்னேற்றியுடன் இணைத்தவாறே பதிவு செய்தால் சில சமயம் ‘ஙொய்’ என்ற இரைச்சல் கலக்கும். முன்னரே மின்னேற்றிக்கொண்டு செல்க.

வயலில் கைக்கொள்ள வேண்டிய முறை

1. மைக்கை வாயினின்று ஒரு சாண் கீழே மாட்டுக. துண்டும் துணியும் அதில் உராயாதிருக்கட்டும்.
2. காற்று வீசும் வேளையில் பஞ்சு உறையோ, மயிருறையோ இன்றிப் பதிவு செய்யற்க.
3. எஞ்சினுக்கு அப்பால் நிற்க. கூடுமாயின் அது ஓடாத வேளையைத் தெரிந்துகொள்க.
4. விரல் சோதனை செய்து, ஒரு நிமிஷப் பதிவைக் கேட்டபின்னரே பேச்சைத் தொடங்கச் சொல்லுக.
5. நீண்ட பேச்சைப் பத்துப் பத்து நிமிஷமாய்ப் பிரித்துப் பதிவு செய்து, இடையிடையே கேட்டுப் பார்க்க.
6. அன்று மாலையே வேறோரிடத்தில் நகல் எடுத்து வைக்க.

மேற்சொன்ன வாலிபர் மறுநாளே தகுந்த இணைப்பானை வாங்கிப் பெரியவரின் பேச்சைத் திண்ணையில் பதிவு செய்துகொண்டார். ஆனால் அவர் தொட்டுக்காட்டிய பூக்கும் பருவம் அதற்குள் முடிந்துகொண்டிருந்தது. கலவன்களும் பிடுங்கப்பட்டுவிட்டன. செடியைக் காட்டிப் பேசும் பாடத்திற்கு அடுத்த சம்பாவரை காத்திருக்க நேர்ந்தது. எண்பது வயதைக் கடந்தவருக்கு ஒரு வருஷம் சிறிது காலமன்று. நல்வாய்ப்பாக மறு வருஷமும் பெரியவர் வரப்பில் நின்றார்; இம்முறை பேசுமுன், “தாத்தா, சற்றுப் பொறுங்கள்” என்று வாலிபர் மைக்கை விரலால் தடவிக் கேட்டுக்கொண்டார். அப்பதிவு இப்பொழுது அவ்வூரில் அந்நெல்லைப் பயிரிடும் குடும்பங்களிடம் இருக்கின்றது. விதைக்குமுன் முளைப்புச் சோதனை செய்யும் விவசாயி, பதிவுக்குமுன் ஒலிச் சோதனை செய்வதையும் வழக்கமாய்க் கொள்வாராக.