எற்பாட்டு நேரத்துக் கதைகள்

சென்ற தவணையில், நான் பணியாற்றும் கீழைத்தேயக் கல்லூரியில், நன்னூற் பொதுவியலிலே தொகைநிலைத் தொடர்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். தொக்கு நிற்கும் தொடர் ஒன்று இரண்டு முதல் ஏழு வரை பொருள்பட்டு மயங்கும் என்பது பவணந்தியார் துணிபு. உரையாசிரியர் காட்டும் பழைய உதாரணங்களைச் சொன்னால் மாணவர் கொட்டாவி விடுகின்றனர். ஆகவே கரும்பலகையில் 'மனித விருந்து' என்று எழுதி, விரித்துப் பொருள் கூறுக என்றேன். மனிதர்க்கு இடும் விருந்து என்றான் ஒருவன். மனிதர் இடும் விருந்து என்றாள் ஒருத்தி. பின்வாங்கில் இருந்த ஒருவன் தயங்கி எழுந்து, "ஐயா, மனிதரையே சமைத்து இடும் விருந்து என்றும் கொள்ளலாமோ?" என்றான். வகுப்பு நகைத்தது. நான் நகைக்கவில்லை. 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதி அமெரிக்கத் தொலைக்காட்சியிற் காட்டப்பெற்ற நாடகமொன்றின் முடிச்சை, அந்நாடகத்தின் பெயரையே கேட்டறியாத இப்பிள்ளை அவிழ்த்துவிட்டான்.

டேமன் நைற் என்பார் எழுதிய சிறுகதையின் நாடக வடிவம் அது. வேற்றுலகத்தவர் பூமியில் வந்திறங்குகின்றனர், ஒன்பதடி உயரத்தினர், பஞ்சத்தையும் போரையும் ஒழிக்கின்றனர். அவர்கள் விட்டுச்சென்ற நூலொன்றின் பெயரை மட்டும் மொழியறிஞர் படித்து முடிக்கின்றனர். மனிதர்க்கு உதவுதல் என அது பொருள்படுவதால் உலகம் மகிழ்கிறது. ஆங்கிலத்தில் உதவி செய்தலுக்கும் இலையிற் படைத்தலுக்கும் ஒரே வினைச்சொல். பிரமுகர் பலர் அவ்வுலகுக்குப் பயணமாகும் வேளையிலேதான், நூலின் உள்ளே இருப்பது சமையற் குறிப்பென்று தெரியவருகிறது. அயல்மொழிச் சிலேடை நம் மொழியிற் செல்லாது என்பர். வேற்றுமைத்தொகை உள்ள மொழியில் அது செல்லும் என்பதற்கு என் பின்வாங்கு மாணவனே சாட்சி.

அந்நாடகம் 'ருவைலைற் சோன்' என்னும் தொடரைச் சேர்ந்தது. றொட் சேர்லிங் என்னும் எழுத்தாளர் படைத்த அத்தொடர் 1959 ஒக்டோபர் முதல் 1964 வரை நடந்தது. மொத்தம் 156 நாடகங்கள். அவற்றுள் 92ஐ அவரே எழுதினார். ஒவ்வொரு நாடகமும் தனிக் கதை. பாத்திரங்கள் தொடர்வதில்லை, தொடர்வது கதைகளின் மனநிலை மட்டுமே. நம் நாட்டில் அக்காலத்தில் தொலைக்காட்சியே இல்லை. 1979இலேதான் அது இங்கு வந்தது. நான் இவற்றைக் கண்டது நாற்பது வயதின் பின், என் தமக்கை மகன் கொணர்ந்த குறுந்தட்டுகளில்.

தொடரின் பெயரைத் தமிழில் எவ்வாறு கூறுவது என்று பலநாள் எண்ணினேன். அந்தி வெளி எனலாம், கருக்கல் எனலாம். ஆயின் நெய்தல் நிலத்துச் சிறுபொழுது எற்பாடு என்பது நம் இலக்கணம். ஞாயிறு சாயும் அந்நேரத்தில் எங்கள் உட்துறைமுகத்து நீர் ஈயநிறம் கொள்ளும். எதிர்க்கரையில் நிற்கும் எண்ணெய்க் குதங்கள் மலையோ மதிலோ என மயங்கும். கடற்கரையான் ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்புக் கிடைக்குமென்று நான் எண்ணவில்லை. பகலுமன்று, இரவுமன்று, அகமுமன்று, புறமுமன்று, அத்தகைய வாயிற்படியில்தான் இரணியனுக்கு முடிவு வந்தது என்பதையும் மாணவர்க்கு நினைவூட்டுவேன்.

பலரும் போற்றுவது 1959 நவம்பரில் வந்த புத்தகப்பித்தன் கதை. வங்கிக் குமாஸ்தா ஒருவன். வாசிக்க மனைவி விடாள், மேலதிகாரியும் விடார். பணப்பெட்டக அறைக்குள் ஒளிந்து வாசித்துக்கொண்டிருக்கையில் வெளியே அணுகுண்டு உலகை அழித்துவிடுகிறது. எஞ்சிய நூலகத்துப் படிக்கட்டில் நூல்களை ஆண்டுவாரியாக அடுக்கி அவன் மகிழும் தருணத்தில் மூக்குக்கண்ணாடி விழுந்து உடைகிறது. பேர்ஜஸ் மெரடித் என்னும் நடிகர் அதில் அழுத அழுகை மெய்யான அழுகை. எனினும் எனக்கு அக்கதை ஒரு படி குறைவாகவே படுகிறது. நமக்கு நேர்ந்தது அதன் மறுதலை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. கண்கள் நன்றாகவே இருந்தன; ஏடுகள்தாம் போயின. அவ்விரவைப் பற்றி என் தமிழாசிரியர் பின்னாளிற் பேசத் தொடங்குவார். ஒருநாளேனும் பேசி முடித்ததில்லை.

இனி, என்னை உறங்கவிடாத நாடகத்துக்கு வருகிறேன். 1960 மார்ச்சில் வந்தது. மேப்பிள் தெரு என்பது களம். மாலைவேளையில் வானத்தில் ஓர் ஒளி கடக்கிறது. மின்சாரம் நிற்கிறது, தொலைபேசி நிற்கிறது, மோட்டார் வண்டிகள் அசையவில்லை. அப்போது சிறுவன் ஒருவன், தான் வாசித்த கதையொன்றை நினைத்து, வேற்றுலகத்தவர் தம்முள் ஒரு குடும்பத்தை மனித உருவில் முன்னரே அனுப்பியிருப்பர் என்கிறான். அவ்வளவே. ஒருவருடைய வண்டி தானாக இயங்குகிறது. அவர்மேற் கண் விழுகிறது. அவர் இரவில் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்ப்பவர் என்கிறாள் ஒருத்தி. எனக்கு நித்திரை வருவதில்லை ஐயா என்கிறார் அவர். எவர் கேட்கிறார்? இரவு முடியுமுன் இருளில் வந்த அயலவன் ஒருவன் சுடப்பட்டு மடிகிறான். தெரு முழுவதும் கல்லும் துப்பாக்கியுமாகிறது. மெய்யாகவே வந்திருந்த வேற்றுலகத்தவர் குன்றின்மேல் நின்று பார்த்திருக்கின்றனர்; விளக்கை அணைப்பதும் ஏற்றுவதும் அன்றி அவர்கள் செய்தது வேறொன்றுமில்லை.

1985ஆம் ஆண்டு எனக்குப் பதினான்கு வயது. அவ்வாண்டு எங்கள் ஊரில் நடந்தவற்றை யாவரும் அறிவர். துறைமுகத்தை அடுத்த எங்கள் ஒழுங்கையில் மூவினத்தவரும் வாழ்ந்தனர். கோடியில், துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் மனைவியுடன் இருந்தார். கூரையிலிருந்து முருங்கைமரம் வரை நீண்ட கம்பியொன்று கட்டித் தூரதேசத்து வானொலி கேட்பார். மின்சாரம் தடைப்பட்ட இரவுகளில் ஊரெல்லாம் இருண்டிருக்க, அவர் வீட்டுப் பின்னறையில் மட்டும் ஒரு விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். அவர் எவருக்கோ செய்தி அனுப்புகிறார் என்று ஒருநாட் காலை கிணற்றடியிற் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை; நாலுபேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதற்காக இருக்கலாம். பார்த்தார்கள்.

கல்லெதுவும் விழவில்லை. அம்மையாருடன் பேசுவோர் குறைந்தனர். கடைக்காரர் கடன்கொப்பியை மூடினார். கம்பியை யாரோ இரவில் அறுத்துவிட்டனர். மூன்று கிழமைக்குள் ஒரு லொறி வந்தது. கட்டில், மேசை, வானொலிப்பெட்டியோடு அவர்கள் போய்விட்டனர். அவருக்குத் தொய்வு வருத்தம் இருந்தது, படுத்தால் மூச்சு வராது, இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பார் என்று என் தாயார் பல ஆண்டுகளின் பின் வேறேதோ பேச்சிற் சொன்னார். அவர் எந்த இனத்தவர் என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வாசகரிற் பாதிப்பேர் இதை வேறொரு கதையாகப் படிப்பர். அந்நாடகத்தைப் பார்த்த இரவில், முதன்முதலாக, கிணற்றடியில் நான் சொன்னதை என் மனைவியிடம் ஒப்புக்கொண்டேன்.

போரைப் பற்றிச் சேர்லிங் எழுதியவை வேறு தரத்தன. அவர் பிலிப்பைன்சிற் பரசூட் படையிற் போரிட்டவர். 1961 டிசம்பரில் வந்த நாடகத்தில், போர் முடியும் தறுவாயில், குகையுள் அடைபட்ட காயப்பட்ட யப்பானியரைத் தாக்கத் துடிக்கும் அமெரிக்க இளம் அதிகாரி, திடீரென 1942இல் யப்பானிய அதிகாரியாக நிற்கிறான். இப்போது குகையுள் இருப்போர் காயப்பட்ட அமெரிக்கர். 1942 ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருக்கோணமலையைத் தாக்கின. ஒரு விமானம் எண்ணெய்க் குதமொன்றில் வீழ்ந்து எரிந்தது. நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறைகளை ஆண்டுதோறும் மாணவர்க்குக் காட்டுகிறேன். இப்பொழுது காட்டுமுன் இந்நாடகத்தைப் போட்டுக் காண்பிக்கிறேன்.

எம் ஊரோடு நெருங்கிய உறவுடையது ஒன்று கடைசியாக உண்டு. ஆதர் சி. கிளார்க் 1955இல் வெளியிட்டு, மறு ஆண்டில் ஹியூகோ பரிசு பெற்ற 'நட்சத்திரம்' என்னும் சிறுகதை அது. அந்த 1956இலேதான் அவர் இலங்கைக்குக் குடிவந்தார். அதே ஆண்டில் அவரும் தோழர் மைக் வில்சனும் கோணேசர் மலையடியில் முக்குளித்தனர். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்களிற் பல கோட்டைச் சுவராயின. சில கடலுட் சென்றன. சதுரக் கற்களும் தூண்களும் அங்கே கிடப்பதை அவர்கள் கண்டனர். வில்சன் கடலடியிற் கண்டெடுத்த இலிங்கம் கோயிலைச் சேர்ந்தது. 1950இற் கிணறு வெட்டுகையில் வெளிப்பட்ட வெண்கலத் திருவுருவங்களோடு, 1963இற் புதுக்கோயிலின் குடமுழுக்கு நடந்தது. கிளார்க் இக்கடலனுபவத்தை 1957இல் நூலாக எழுதினார். தெய்வ நம்பிக்கை அற்றவர் அவர். வில்சனோ பின்னாளிற் காவி உடுத்துச் சுவாமி சிவகல்கி ஆனார். ஒரே நீரில் மூழ்கியவர் இருவர். கரையேறிச் சென்ற திசை வேறு.

கதையில் வருபவர் இயேசுசபைத் துறவி, வானவியலறிஞர். வெடித்துச் சிதறிய விண்மீன் ஒன்றை ஆராயச் செல்லும் கப்பலில் இருக்கிறார். தம் ஞாயிறு அழியப்போவதை முன்னறிந்த மக்களினம் ஒன்று, தம் கலைச்செல்வம் அனைத்தையும் சேய்மைக் கோளொன்றின் பெட்டகத்துட் சேர்த்துவிட்டு மடிந்திருக்கிறது. அவ்வெடிப்பின் ஒளி பூமியை அடைந்த காலத்தைத் துறவி கணக்கிடுகிறார். பெத்லகேமின்மேல் தோன்றிய விண்மீனே அது. அம்மக்களையா எரித்து அந்த விளக்கை ஏற்ற வேண்டும் என்னும் வினாவோடு கதை நின்றுவிடுகிறது.

புதுப்பிக்கப்பட்ட 'ருவைலைற் சோன்' தொடரில் 1985 டிசம்பர் 20இல் இக்கதை நாடகமாயிற்று. நாடகத்தார் முடிவை மாற்றினர். துறவி கலங்கி நிற்க, அவர் தோழர், மடிந்த மக்கள் விட்டுச்சென்ற கவிதையைப் படித்துக் காட்டுகிறார். எமக்காக அழவேண்டாம், யாம் ஒளியில் வாழ்ந்தோம் என்பது அதன் கருத்து. நத்தார் வாரம், பார்ப்போர் மனம் நோகலாகாதென்று செய்திருப்பர். பிற்காலத்தார் பழம்பாட்டிற் புகுத்திய வெண்பாப் போல அது எனக்குப் பட்டது. குறிப்பேட்டில் 'இடைச்செருகல்' என்று எழுதினேன். வகுப்பிலும் அவ்வாறே சொன்னேன்.

மாணவி ஒருத்தி எழுந்தாள். அவள் 2004ஆம் ஆண்டுக் கடல்கோளுக்குப் பின் பிறந்தவள். அவள் வீட்டு முன்னறையில், அவள் ஒருபோதும் காணாத மூவரின் படங்கள் மாலையோடு தொங்குவதை நான் கண்டிருக்கிறேன். "ஐயா, அழவேண்டாமென்று இருக்கிறவர்கள் சொன்னால் பிழைதான்," என்றாள். "செத்தவர்கள் தாங்களே எழுதி வைத்துவிட்டுப் போனால், அதை வெட்டிவிட நாங்கள் யார்?"

விடை கூறுமுன் மணி அடித்துவிட்டது. அடிக்காதிருந்தாலும் என்னிடம் விடை இருந்திருக்காது. குறிப்பேட்டில் எழுதியதை நான் அழிக்கவில்லை. பக்கத்தில் ஒரு வினாக்குறி மட்டும் இட்டேன். வருகிற தவணையில் கதையையும் நாடகத்தையும் ஒருங்கே வைத்து இரண்டு பாடவேளைகள் ஒதுக்கியிருக்கிறேன். முதலிற் பேசுபவள் அவளே.