ஆப்பை டெலீட் பண்ணியும் காசு போகுதா? ஆட்டோபேயை நிறுத்தி, பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?



சம்பளம் வந்த ரெண்டாவது நாள் ஒரு மெசேஜ்: ரூ.299 டெபிட். என்னன்னு பார்த்தா, ஒரு ரூபாய்க்கு டிரையல் போட்ட ஆப். அந்த ஆப் இப்ப உங்க போன்லயே இல்ல. ஆனா காசு மட்டும் மாசாமாசம் போகுது.

ரூ.299-ஐ 12 மாசத்துக்குக் கணக்குப் போட்டா ரூ.3,588. கள்ளக்குறிச்சியில மாசம் 15,000 சம்பளம் வாங்குறவருக்கு இது ஒரு வாரச் சம்பளம். இதை எப்படி நிறுத்துறது, போன காசை யார்கிட்ட கேக்கிறதுன்னு பார்த்துடுவோம்.

டெலீட் வேற, கேன்சல் வேற, மேண்டேட் வேற

ஆப்பை டெலீட் பண்ணினா போன்ல இடம்தான் மிச்சம். சந்தா என்பது நீங்க கம்பெனியோட போட்ட ஒப்பந்தம். மேண்டேட் என்பது உங்க கணக்கிலிருந்து பணம் எடுக்க நீங்க கொடுத்த அனுமதி. அந்த ஒரு ரூபாய் டிரையலுக்கு யுபிஐ பின் போட்டீங்களே, அப்பவே இந்த அனுமதியும் போயிடுச்சு. அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம், எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்பதெல்லாம் அந்தத் திரையிலேயே இருந்திருக்கும்.

நிறுத்தும்போது இந்த வரிசையில பண்ணுங்க:

1. முதல்ல சந்தாவை கேன்சல் பண்ணுங்க. ஆப்பிலோ, பிளே ஸ்டோரின் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதியிலோ, ஐபோன் செட்டிங்ஸிலோ இருக்கும்.
2. கேன்சல் ஆனதை ஸ்கிரீன்ஷாட் எடுங்க. தேதி, நேரம் தெரியணும்.
3. அப்புறம் யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் மேண்டேட்டை ரத்து பண்ணுங்க. கார்டா இருந்தா உங்க பேங்க் ஆப்பில் அல்லது நெட் பேங்கிங்கில் பண்ணணும்.

ஒரு எச்சரிக்கை: கடன் இஎம்ஐ, இன்சூரன்ஸ் மேண்டேட்டையும் சேர்த்து ரத்து பண்ணிடாதீங்க. இஎம்ஐ தவறினா அபராதம் வரும், கிரெடிட் ஸ்கோரும் அடிபடும்.

24 மணி நேர மெசேஜ்

ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் 1 முதல் முழுசா நடைமுறைக்கு வந்தது. அதன்படி பணம் எடுக்கிறதுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னாடி உங்களுக்குத் தகவல் வரணும். எந்தக் கம்பெனி, எவ்வளவு, எப்போன்னு அதுல இருக்கணும். அந்த ஒரு தடவையை மட்டும் வேண்டாம்னு சொல்லவும், மேண்டேட்டையே நிறுத்தவும் வழி இருக்கணும். ரூ.15,000-க்கு மேல போற சந்தாவுக்கு ஒவ்வொரு தடவையும் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு வேணும்.

கல்வராயன் மலையில வேலை பார்க்கிறவங்க, லீவுக்கு மேல போறவங்க இதைக் கவனிங்க. சிக்னல் இல்லாத ஊர்ல இருந்தா, காசு போன பிறகுதான் அந்த எஸ்எம்எஸ் கண்ணுல படும். அதனால பேங்க்ல இமெயில் அறிவிப்பையும் ஆன் பண்ணி வையுங்க. தகவல் வந்ததா இல்லையான்னு பின்னாடி நிரூபிக்கவும் அது உதவும்.

யார் தப்பு?

புகார் எங்க போகணும் என்பதை இந்தக் கேள்விதான் முடிவு பண்ணும்.

*பேங்க் பக்கம் தப்பு:* முன்தகவலே வரல, மேண்டேட் ரத்தான பிறகும் காசு போச்சு, அல்லது நீங்க அனுமதியே கொடுக்கலன்னா பேங்க்ல உடனே எழுத்துல புகார் கொடுங்க. நீங்க அனுமதிக்காத பரிவர்த்தனையை 3 வேலை நாளுக்குள்ள சொல்லணும் என்பது 2017 ரிசர்வ் வங்கி விதியில முக்கியமான கெடு. 30 நாள்ல பதில் வரலன்னாலோ, பதில் திருப்தியா இல்லன்னாலோ, ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். விவரத்துக்கு 14448.

*கம்பெனி பக்கம் தப்பு:* கேன்சல் பட்டனை ஒளிச்சு வைக்கிறது, பத்துப் பக்கம் சுத்த விடுறது, இலவசம்னு சொல்லிட்டு ஆட்டோ டெபிட் அனுமதி கொடுத்தே ஆகணும்னு கட்டாயப்படுத்துறது. இதுக்குப் பேர் 'சந்தா பொறி'. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 ஏமாற்று வடிவமைப்புகளில் இதுவும் ஒண்ணு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பண்ணுங்க.

இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. அமெரிக்காவில் பிரைம் சந்தாவில் மக்களைச் சம்மதமில்லாம சேர்த்ததாகவும், கேன்சல் பண்றதைக் கஷ்டமாக்கியதாகவும் அமேசான் மேல அரசு அமைப்பு வழக்கு போட்டது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் கொடுக்கச் சம்மதிச்சு அமேசான் அதை முடிச்சுக்கிச்சு.

*நம்ம மறதி:* மெசேஜும் வந்தது, கேன்சல் பண்றதும் சுலபம், ஆனா நாம பண்ணல. இதுக்கு ரீஃபண்ட் கொடுத்தே ஆகணும்னு கம்பெனியைக் கட்டாயப்படுத்துறது கஷ்டம். ஆனாலும் புதுப்பிச்ச அன்னைக்கே, பயன்படுத்தாம, ரீஃபண்ட் கேட்டுப் பாருங்க. சில கம்பெனிகள் தரும். அதை மோசடின்னு பேங்க்ல பொய் சொல்லாதீங்க. உங்க பின் பதிவு அவங்ககிட்ட இருக்கும்.

1915-லயும் முடியலன்னா?

கம்பெனி பெங்களூருல இருந்தாலும் நீங்க அங்க போக வேண்டியதில்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்க குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற இடத்துக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வீடு சின்னசேலம், வேலை சென்னைன்னா ரெண்டுல எது வசதியோ அது. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் பண்ணலாம். நீங்க கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரைன்னா கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல. பிரச்சினை நடந்த 2 வருஷத்துக்குள்ள போகணும். எடுத்து வச்ச ஸ்கிரீன்ஷாட் இங்கதான் பேசும்.

இன்னைக்கே ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. யுபிஐ ஆட்டோபே, கார்டு மேண்டேட், பிளே ஸ்டோர் மூணையும் பாருங்க. ஊருக்குப் போகும்போது அப்பா, அம்மா போனையும் வாங்கிப் பாருங்க. தெரியாம விளம்பரத்தைத் தொட்டு பின் போட்டிருந்தா, அவங்க உங்ககிட்ட சொல்லக்கூட மாட்டாங்க.