டேபிளைக் காலி செய்தேன், மாட்டிக்கொண்டேன்!

"அழிப்பதற்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. வைவாவில் எக்ஸ்டர்னல் முன்னால் நான் திருதிருவென்று விழித்ததைப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்க மாட்டீர்கள்.

எங்கள் பிராஜெக்ட் நூலக மென்பொருள். லாராவெல் என்ற பி.எச்.பி. ஃபிரேம்வொர்க், பின்னால் மைஎஸ்க்யூஎல். முக்கியமான டேபிள்கள் இரண்டு: மாணவர், இரவல். இரவல் டேபிளில் ஆளின் பெயர் இருக்காது, மாணவர் எண் மட்டும் இருக்கும். சோதனைக்காக சினிமா நட்சத்திரங்களையெல்லாம் உறுப்பினர்களாக்கி வைத்திருந்தோம். (சும்மா சொல்லக் கூடாது, நூலகம் களைகட்டியிருந்தது!) வைவாவுக்கு முதல் நாள் ராத்திரி அந்த 60 பேரையும் வெளியேற்ற வேண்டிய கட்டாயம்.

லாராவெல்லில் பெரும்பாலும் நாம் எஸ்க்யூஎல் எழுதுவதில்லை. டேபிள் பெயரையும் செய்யவேண்டிய வேலையையும் சொன்னால் போதும்; குவெரி பில்டர் என்ற பகுதி, பின்னால் இருக்கும் டேட்டாபேஸுக்கு ஏற்ற கட்டளையாக மாற்றி அனுப்பிவிடும். காலி செய்ய டெலீட், ட்ரங்கேட் என்று இரண்டு வழி. எப்படியும் காலிதானே என்று நினைத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

டெலீட் ஒவ்வொரு வரிசையாக அழிக்கும். 60 பேரையும் அழித்தாலும் அடுத்து சேர்பவருக்கு 61-ஆம் எண்தான். ட்ரங்கேட் அப்படியல்ல. டேபிளையே தூக்கிப் போட்டுவிட்டு, அதே அமைப்பில் புதிதாக ஒன்றைச் செய்து வைத்துவிடும். லட்சம் வரிசை இருந்தாலும் சட்டென்று முடியும். எண்ணும் மறுபடி 1-லிருந்து ஆரம்பிக்கும். அது மட்டுமா? ட்ரங்கேட்டுக்கு முன்னால் 'வேர்' நிபந்தனை போட்டாலும் லாராவெல் அதைக் கண்டுகொள்ளாது. "மூன்றாமாண்டு மாணவர்கள் மட்டும்" என்று எழுதியிருப்பீர்கள், முதலாமாண்டும் சேர்ந்து போய்விடும்!

நான் மாணவர் டேபிளுக்கு ட்ரங்கேட் கொடுத்தேன். மைஎஸ்க்யூஎல் மறுத்துவிட்டது. இரவல் டேபிள் ஃபாரின் கீ வழியாக அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. "மாப்ளே, அந்தச் செக்கிங்கை ஆஃப் பண்ணிட்டு அடிடா" என்றான் கூட்டாளி. ஆஃப் பண்ணினேன், அடித்தேன், ஆன் பண்ணினேன். தூங்கப் போனோம்.

காலையில் எக்ஸ்டர்னல், "என் பேரையே சேருங்க தம்பி" என்றார். சேர்த்தேன். எண் 1. திரையில் அவர் பெயருக்குக் கீழே திருப்பித் தராத புத்தகம் 4, அபராதம் 132 ரூபாய்! இரவல் டேபிளை நாங்கள் தொடவே இல்லையே. பழைய 1-ஆம் எண் நட்சத்திரத்தின் பாக்கி முழுவதும் ஐயா தலையில் விழுந்துவிட்டது. செக்கிங்கை மறுபடி ஆன் செய்தாலும், ஏற்கெனவே உள்ள வரிசைகளை மைஎஸ்க்யூஎல் சரிபார்ப்பதில்லை.

ட்ரான்சாக்ஷனுக்குள் போட்டால் தப்பிக்கலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மைஎஸ்க்யூஎல்லில் ட்ரங்கேட் ஓடியவுடன் ட்ரான்சாக்ஷன் தானாகவே கமிட் ஆகிவிடும்; ரோல்பேக் எல்லாம் நடக்காது. போஸ்ட்கிரெஸில் ரோல்பேக் நடக்கும். ஆனால் அங்கே வேறு கூத்து: லாராவெல் வழக்கமாக ட்ரங்கேட்டுடன் 'கேஸ்கேட்' என்பதையும் சேர்த்தே அனுப்புவதால், இந்த டேபிளைச் சுட்டும் மற்ற டேபிள்களும் சத்தமில்லாமல் காலியாகும். எஸ்க்யூலைட்டில் ட்ரங்கேட் என்ற கட்டளையே கிடையாது. லாராவெல் டெலீட்டை ஓட்டி, எண் கணக்கையும் அழித்து ஒப்பேற்றுகிறது. நாம் எழுதுவது ஒரே வரி, நடப்பது மூன்று விதம்!

எக்ஸ்டர்னல் சிரித்துக்கொண்டே, "இப்ப சரியா காலி பண்ணிக் காட்டுங்க" என்றார். செக்கிங்கைத் தொடாமல், முதலில் இரவலுக்கு ட்ரங்கேட். அதை எந்த டேபிளும் சுட்டவில்லை என்பதால் தடையில்லை. பிறகு மாணவருக்கு டெலீட். (இரவல் காலியாக இருந்தாலும் மாணவருக்கு ட்ரங்கேட் கொடுத்தால் மைஎஸ்க்யூஎல் விடாது.) மறுபடி அவர் பெயரைச் சேர்த்தேன். எண் 2, பாக்கி எதுவும் இல்லை. "அந்த 1 எங்கேப்பா போச்சு?" என்று அடுத்த கேள்வியை ஆரம்பித்தார்.