உப்பும் பொன்னும்

சகாராப் பாலைவனத்தின் தென்விளிம்பிலே, இன்று மொரித்தேனியா, மாலி என வழங்கும் நாடுகளின் எல்லைப்புறத்தில், கானா என்றோர் இராச்சியம் இருந்தது. 1957இல் விடுதலை பெற்று அப்பெயரைச் சூடிய நாடு வேறு. அது தென்கிழக்கே நெடுந்தொலைவில் உள்ளது. கி. பி. 8ஆம் நூற்றாண்டிலேயே அராபிய நூலோர் பழைய கானாவைப் பொன்னாடு என்று குறித்தனர். ஆனால், அப்பொன் பெரும்பாலும் அவ்வரசனின் மண்ணில் எடுத்ததன்று. செனகல் ஆற்றின் மேற்புறத்துப் பம்புக் நிலத்தார் அதனை அகழ்ந்தனர். அவர்க்கு வேண்டிய உப்போ வடக்கே பாலைவனத்தின் நடுவிலிருந்து வந்தது. இரண்டும் எதிர்ப்படும் வாயிலிலே அரசன் அமர்ந்திருந்தான்.

1068இல் கோர்தோவாவிலிருந்து எழுதிய அல்பக்ரி கூறுவது இது: கழுதைச்சுமை உப்பு ஒன்று நாட்டினுட் புகுந்தால் ஒரு தீனார் வரி, வெளியேறினால் இரண்டு தீனார். பொற்கட்டிகள் அரசனுக்கே உரியன; பொற்றூள் மட்டும் குடிகளுக்கு. கட்டிகளையும் வெளிவிடின் பொன் மலிந்து மதிப்பிழக்குமாம். பொருளியல் நூல் கல்லாத அம்மன்னரின் நுட்பம் வியத்தற்குரியது.

கானா தளர்ந்தபின், 13ஆம் நூற்றாண்டிலே சுந்தியாத்தா நிறுவிய மாலி அரசு அவ்வாயிலைக் கைக்கொண்டது. அதன் மன்னன் மன்சா மூசா 1324இல் மக்கா யாத்திரையின்போது கெய்ரோவிலே வாரி இறைத்த பொன்னால் அங்குப் பொன்விலை பல்லாண்டு தாழ்ந்து கிடந்தது. இக்கதையைப் பலரும் விரும்பிக் கூறுவர். அப்பொன்னுக்கு மாற்றாகிய உப்பை எடுத்தவர் யாவர் எனக் கேட்போர் சிலரே.

அவர்களை நேரிற் கண்டு எழுதியவர் இபுனு பதூதா. 1344இல் இலங்கைக்கு வந்து ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டவரும் இவரே. 1352இல் மொரோக்கோவின் சிஜில்மாசா நகரிலிருந்து வணிகச் சாத்தொன்றோடு புறப்பட்டு, 25ஆம் நாள் தகாசாவை அடைந்தார். அங்கே மரமென்பதே இல்லை. வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் ஆனவை, கூரை ஒட்டகத்தோல். குடியிருந்தோர் மசூபா குலத்தாரின் அடிமைகள். நிலத்தைத் தோண்டிப் பாளம் எடுப்பது அவர் வேலை. ஒட்டகத்துக்கு இரு பாளம். வடக்கிலிருந்து பேரீச்சம்பழமும் தெற்கிலிருந்து தினையும் வந்தாலே அவர்க்கு உணவு. மன்சா மூசாவின் செல்வத்தைப் பக்கம் பக்கமாக எழுதும் ஆசிரியர்கள் இவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

ஒரு சுமை உப்பு வாலாத்தாவில் 8 முதல் 10 மித்கால் பொன் பெற்றது. மாலித் தலைநகரில் 20 முதல் 30, சிலவேளை 40. மித்கால் ஏறத்தாழ நாலேகால் கிராம் நிறை. விலை இவ்வாறு ஏறியது வழியின் கொடுமையால். தகாசாவைக் கடந்தால் பத்து நாள் தொலைவுக்கு நீர் அரிது. ஆதலின், சாத்தார் 100 மித்கால் கொடுத்து மசூபா ஒருவனை முன்தூதனாக அமர்த்துவர். அவன் தனியே சென்று வாலாத்தாவிலே திருமுகம் சேர்ப்பான். ஊரார் நான்கு நாள் வழி தண்ணீரோடு எதிர்வருவர். இடையில் அவன் இறந்துபடின் செய்தி ஊரை எட்டாது. சாத்தார் அனைவரும், அன்றேற் பெரும்பாலோர், மாள்வர்.

16ஆம் நூற்றாண்டிலே தகாசாவில் மூன்று நாள் தங்கிய லியோ ஆபிரிக்கானஸ், உணவுச் சாத்து வரத் தாமதித்தமையால் உப்பெடுப்போர் குடிசைகளிலே இறந்து கிடந்ததுண்டு என எழுதினார். அந்நூற்றாண்டின் இறுதியில் தகாசா கைவிடப்பட்டது. உப்பெடுக்கும் தொழில் தென்கிழக்கே தவுதேனிக்குப் பெயர்ந்தது.