பனங்கற்கண்டு விளையும் விதம்

நல்ல பனங்கற்கண்டுக்கான வேலை மரத்தின் உச்சியிலேயே தொடங்கிவிடுகிறது. உடன்குடி வட்டாரத்துப் பனையேறிகள் பாளையைச் சீவிக் கலயம் கட்டுமுன் அதன் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பில்லாத கலயத்தில் சாறு புளித்துக் கள்ளாகும். சுண்ணாம்புக் கலயத்தில் அது பதநீராகவே நிற்கும். இது பலருக்கும் தெரிந்ததுதான். கற்கண்டுக்கு அந்தச் சுண்ணாம்பு செய்யும் உதவி இன்னும் பெரியது.

பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்குச் சுக்ரோஸ் இருக்கிறது. புளிப்பு ஏறினால் அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்துபோகும். இவை மிகுந்த பாகு எத்தனை நாள் வைத்திருந்தாலும் சரியாகப் படிகம் கட்டாது. ஜாமூன் பாகு பூத்துவிடாமல் இருக்க நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுகிறோமே, அதன் காரணமும் இதுதான். ஜாமூனுக்கு வேண்டிய புளிப்பு கற்கண்டுக்குப் பகை.

பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அதைத் தெளியவைத்து, வடிகட்டி, அகன்ற சட்டியில் காய்ச்சுகிறார்கள். கருப்பட்டிப் பதம் வருமுன்பே இறக்கிவிட வேண்டும். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 2 கிலோ சர்க்கரையைத்தான் கரைத்து வைத்திருக்கும். கொதிக்கும்போது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் தாங்கும். பாகு ஆற ஆற, தாங்க முடியாத சர்க்கரை வெளியேற இடம் தேடுகிறது. அதற்காகவே பாத்திரத்துக்குள் நூல் கட்டித் தொங்கவிடுகிறார்கள்.

இனி யாரும் தொடக்கூடாது. அசைத்தாலோ சட்டென்று ஆறவிட்டாலோ பொடிப் பொடியாக மணல்போல் இறங்கிவிடும். மெதுவாக ஆறினால் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டு, நூலைச் சுற்றிப் பட்டை பட்டையான பழுப்புக் கட்டிகள் வளரும். இதற்கு ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பிறகு மீந்த பாகை வடித்து, கட்டிகளை அலசி உலர்த்துகிறார்கள். கருப்பட்டியோ காய்ச்சிய அன்றே அச்சில் இறங்கிவிடும்.

ஆகவே கடையில் விலை கேட்டு முகம் சுளிக்காதீர்கள். அது மரமேறிய உழைப்புக்கும் காத்திருந்த நாட்களுக்குமான கூலி. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பனங்கற்கண்டும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். சர்க்கரை நோயாளிகள் இதை மருந்தென்று நம்பி அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.