பவானி பிறக்கும் முகட்டில் இரண்டு நாள்

அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்ததிலிருந்து சேவூர் வட்டாரத்தில் குளத்தைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. எந்தக் குளத்துக்குத் தண்ணீர் வந்தது, எந்தக் குட்டை இன்னும் காய்கிறது என்று டீக்கடையிலும் நிலக்கடலை ஏலத்திலும் கேட்டுக்கொள்கிறார்கள். 1,916 கோடி ரூபாய்ச் செலவு, 1,045 குளம் குட்டைகள், ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி. உபரி நீர், அறுபது ஆண்டுக்கும் மேலான கோரிக்கை. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுக்கும் பவானித் தண்ணீர் ஆறு நீரேற்று நிலையங்களில் ஏறி நம் பக்கம் வருகிறது என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

அதே பவானி பிறக்கும் மலைமுகட்டில் நடந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஊட்டிக்குப் போகாதவர் கிடையாது. பூங்கா, படகு, வறுக்கி, டீத்தூள் என்று ஒரே நாளில் போய்த் திரும்பிவிடுகிறோம். ஊட்டியைத் தாண்டி மேற்கே அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி ஏரிகள் கிடக்கும் குந்தா மலைத்தொடர் வரை போகிறவர்கள் குறைவு. அந்த ஏரிகள் யாவும் மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள். கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா கொடுத்த உதவியில் எழுந்தது குந்தா மின்திட்டம். அதற்கு முன்னால், 1932இல் பைக்காராவிலிருந்து வந்த மின்சாரம்தான் கோவை வட்டாரத்தில் நூற்பாலைகளைப் பெருக்கியது. நம் தண்ணீருக்கும் தறிக்கும் அந்த மலை கொடுத்திருப்பது கொஞ்சமல்ல.

இப்போது அங்கே முறையாக நடக்க வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள். இணையத்தில் முன்பதிவு செய்தால் வனத்துறை பயிற்சி கொடுத்த உள்ளூர்க்காரர்கள் வழிகாட்டியாக வருகிறார்கள். பெரும்பாலும் பழங்குடி இளைஞர்கள். திருப்பூர் மாவட்டத்திலேயே சின்னார் சோதனைச்சாவடியிலிருந்து கூட்டாறு வரை ஒரு பாதை உண்டு. ஏரியும் முகடும் சேர்ந்து வேண்டுமென்றால் அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா அல்லது தேவர்பெட்டா. கோலாரிபெட்டா 2,600 மீட்டரைத் தாண்டும். தொட்டபெட்டாவைவிடச் சில மீட்டர்தான் குறைவு.

என் யோசனை இது: சனிக்கிழமை அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி ஏறி, லாங்வுட் சோலையில் மெதுவாக நடந்து காலைப் பழக்கிக்கொள்ளுங்கள். சுற்றுக் கிராமங்களுக்குக் குடிநீர் தரும் சோலை அது. ஞாயிறு விடிகாலை அவலாஞ்சி. வண்டிக்கு இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம்.

முகட்டுக்கு ஏறும்போது முதலில் சோலை, பிறகு வெட்டவெளியாகப் புல். நாங்கள் போனபோது ஒரு திருப்பத்தில் வழிகாட்டி நின்று, சாதாரணமாகத் தெரிந்த ஒரு புல்திட்டில் குதிகாலை அழுத்திக் காட்டினார். மழை விட்டுப் பல நாள் ஆகியிருந்தது. ஆனாலும் குதிகாலைச் சுற்றித் தண்ணீர் ஊறி வந்தது, சில்லென்று, கண்ணாடி மாதிரி. காலை எடுத்ததும் புல் அதை மறுபடி உறிஞ்சிக்கொண்டது. தென்மேற்குப் பருவமழையை இப்படிப் பிடித்து வைத்து மாதக்கணக்கில் கசியவிடுவது இந்தப் புல்வெளியும் சோலையும்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வளவையும் எந்த மலையாலும் பிடித்துவைக்க முடியாது. ஆனால் புல் இருக்கும் சரிவும் சீகை மரம் அடைத்த சரிவும் ஒன்றல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் கொண்டுவந்த சீகையும் கற்பூர மரமும் புல்வெளியை எவ்வளவு தின்றிருக்கின்றன என்பது முகட்டிலிருந்து பார்த்தால் கண்கூடு. அந்தப் புல்லை மீட்பதும் நம் குளத்து வேலைதான் என்று நான் நினைக்கிறேன்.

முகட்டின் கிழக்கே ஏரிகள் பளபளக்கின்றன. மேற்கே கேரளப் பக்கம் மலை செங்குத்தாக இறங்குகிறது. பவானி இந்தத் தொடரில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் இறங்கி, திரும்பவும் கிழக்கே தமிழ்நாட்டுக்கு வருகிறது. எமரால்டு, அவலாஞ்சித் தண்ணீர் குந்தா வழியாகப் பில்லூர்ப் பக்கம் அதோடு சேர்கிறது. வரைபடத்தில் பார்த்தால் பிடிபடாதது இங்கே நின்றால் பிடிபடும். பாறை விளிம்பில் வரையாடு தென்படலாம். தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031, 2025இல் 1,303.

வழிகாட்டி எதற்கு, போனில் மேப் இருக்கிறதே என்பவர்களுக்குக் குரங்கணியை நினைவூட்ட வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்ட மலையில் பற்றிய காட்டுத்தீயில் 23 உயிர்கள் போயின. சிக்கிக்கொண்ட இரண்டு குழுக்களில் ஒன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போனது. அந்தத் துயரம் நம் வீடுகளுக்குள்ளும் வந்தது. காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கிப் பாயும், மனிதன் ஓடுவதைவிட வேகமாக. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. இப்போது தீப்பருவமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை பாதைகளை மூடுகிறார்கள். ‘சும்மா ஒரு நாள் விடுங்க’ என்று அப்போது யாரும் கெஞ்சக் கூடாது.

முகட்டில் இன்னொரு ஆபத்து மேகம். பத்தே நிமிடத்தில் முன்னால் போகிறவரின் முதுகு மறைந்துவிடும். “மிஸ்ட் இறங்கிருச்சுன்னா நடக்காதீங்க சார். அப்படியே உக்காந்துருங்க. அது போறப்ப போகும்” என்றார் வழிகாட்டி. எங்களில் ஒருவர் எழுந்து நான்கடி வைத்ததும் அவர் குரல் மாறியது. அது கறாரான குரல். கறாராகத்தான் இருக்க வேண்டும். அவர் கைகாட்டிய திசையில் நான்கைந்து கஜத்துக்கு அப்பால் தரை இல்லை.

பனியன் ஊர்க்காரர்கள் என்பதால் உடுப்பு பற்றி ஒரு வார்த்தை. நாம் தைத்து உலகத்துக்கே அனுப்பும் பருத்தி டி-ஷர்ட் இந்த நடைக்கு உதவாது. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், காயாது. மலையில் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பதால், சேவூரைவிட முகட்டில் பதினாலு டிகிரி குளிர் கூடுதல். அதோடு காற்றும் அடித்தால் ஈரப் பனியன் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே சீக்கிரம் காயும் பாலியஸ்டர், மேலே ஒரு கம்பளி, அதற்கும் மேலே காற்று மழை தாங்கும் ஜாக்கெட். பாலியஸ்டர் நிட்டிங் திருப்பூரிலேயே ஓடுகிறது. நம் சொந்தச் சரக்கையே போட்டுக்கொண்டு ஏறலாம்.

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் ஏரிகளுக்கு மேலே முகட்டு நடை என்பது சனி, ஞாயிறு வழக்கம். ஹெல்வெலின் மலை 950 மீட்டர்தான். ஆனாலும் குளிர்காலத்தில் தினமும் ஒருவர் அதன் உச்சிவரை ஏறி, பனி எவ்வளவு, காற்று எப்படி, எந்தப் பக்கம் ஆபத்து என்று குறித்து ஊருக்கு அறிவிக்கிறார். அதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். அவலாஞ்சிக்கும் பக்கத்து முக்குருத்தி மலைக்கும் அப்படி ஓர் அறிவிப்பு தமிழில் தினமும் வந்தால், அதை எழுதத் தகுந்தவர்கள் இந்த வழிகாட்டிகளைத் தவிர யார்? அந்த வேலைக்குத் தனிச் சம்பளமும் கொடுக்க வேண்டும்.

இப்படி மலையேறப் போவதற்கு நம் பக்கத்து உண்மையான தடை சனிக்கிழமை. சம்பள நாள் அதுதான். ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், ஞாயிறு மட்டும் லீவு. கம்பெனிகள் ஆயுத பூஜைக்கு இனிப்பும் தீபாவளிக்குப் போனஸும் கொடுப்பதுபோல, ஆண்டில் ஒரு சனிக்கிழமையைச் சம்பளத்தோடு விட்டு, ஒரு லைன் ஆட்களையாவது மலைக்கு அனுப்பலாம். அக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை நல்ல காலம். வடகிழக்கு மழை வலுக்கும் நாட்களை மட்டும் தவிர்த்துவிட்டு, டெய்லர், செக்கிங், அயர்ன் மாஸ்டர் எல்லோருமாகச் சேர்ந்து பதிவு செய்யலாம்.